பரண் காலியான வீடு

அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. முப்பத்தெட்டுப் பாத்திரங்களில் இருந்து அந்தப் பேரை அரத்தால் தேய்த்து அழித்தவன் நான். அவர் சொல்லித்தான் அழித்தேன். இப்போது காகிதத்தில் எழுதி வைத்தால் சரியாக இருக்காது. அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு பாய் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடை வாசலில் கோணி விரித்து உட்கார்ந்து பாத்திரத்தில் பேர் வெட்டுவது என் வேலை. ஒரு சின்ன உளி, ஒரு சின்ன சுத்தியல், ஒரு அரம், கொஞ்சம் உப்புத்தாள். ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மிச்ச எழுத்தெல்லாம் பித்தளையில் கற்றதுதான். சொம்புக் கழுத்தில் இடம் கொஞ்சம். அதனால் சுருக்கமாக வெட்டிப் பழகிவிட்டது. எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

எங்கள் பக்கம் பாத்திரத்துக்குப் பேர் முக்கியம். கல்யாணம், சாவு, கோயில் சாப்பாடு எதுவானாலும் நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலக்கும். முடிந்ததும் பேர் பார்த்துப் பிரிப்பார்கள். பேர் இல்லாவிட்டால் அது அனாதை. உன் வீட்டில் இருக்கிற பாத்திரத்தில் வேறு பேர் இருந்தால் நீ திருடன். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அந்த நம்பிக்கையால்தான் அக்காவை எனக்குத் தெரிய வந்தது.

ஒரு நாள் காலை கீரை விற்கிற அம்மாள் ஒருவர் பித்தளைக் குடம் கொண்டு வந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கிப் போக வந்தார். எவர்சில்வர் அப்போதுதான் எல்லா வீட்டுக்கும் ஏறிக்கொண்டிருந்த காலம். தினம் பத்துப் பேர் பித்தளை கொண்டுவருவார்கள். பாய் குடத்தைத் திருப்பிப் பார்த்து, இதைப் படி என்று என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். முதலில் புருஷன் பேரின் முதலெழுத்து, பிறகு ஒரு பெண் பேர், மேலே ஒரு சின்னச் சிலுவை. கீரைக்காரம்மா நெற்றியில் குங்குமம் இருந்தது.

பாய் கெட்டவர் இல்லை. அதற்கு முந்தைய வருடம் தெரியாமல் ஒரு திருட்டுத் தவலையை வாங்கிவிட்டு இரண்டு நாள் ஸ்டேஷனில் நின்றவர். அந்தப் பயம். யார் கொடுத்தது என்று கேட்டார். ஒரு அம்மா சும்மா கொடுத்தாங்க என்றார் கீரைக்காரம்மா. "கொடத்த எவம்மா சும்மா குடுப்பா?" என்றார் பாய். நாலு பேர் கூடிவிட்டார்கள். சிலுவையை வைத்து, மேற்கே மாதா கோயில் இருக்கிற ஊருக்கு சைக்கிளில் ஆள் அனுப்பினோம். கீரைக்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தார். கூடையில் கீரை வாடிக்கொண்டிருந்தது. பேரைச் சத்தமாகப் படித்தவன் நான். அதை மறக்க முடியவில்லை.

அக்கா நடந்தே வந்தார். அப்போது வயது முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி. வெயிலில் முகம் கறுத்திருந்தது. படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். தான்தான் கொடுத்ததாக பாயிடம் சொன்னார். பாய் கீரைக்காரம்மாவுக்குக் கும்பிடு போட்டு, கடையில் இருப்பதிலேயே நல்ல தட்டாக எடுத்து நீட்டினார். கீரைக்காரம்மா கை நீட்டவில்லை. "இந்தக் கொடம் எனக்கு வாணாம் தாயி. நீயே வச்சிக்கோ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா குடத்தை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"குடுத்துட்டேன்னு நெனச்சினு இருந்தேன் தம்பி. குடுக்கவே இல்ல போல" என்றார்.

அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் அந்த இடம் மங்கலாகத் தெரியும் என்றேன். தெரிந்தால் தெரியட்டும், அந்த அம்மா பேரை வெட்டு என்றார். பேர் என்ன என்றேன். அவருக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக அந்த அம்மாளிடம் கீரை வாங்குகிறார், பேர் தெரியாது. எழுந்து போனார். கடைத்தெரு முழுக்கத் தேடி, கண்டுபிடித்து, பேரைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் வெட்டிக் கொடுத்தேன். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் தேடிப் போனார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு பாத்திரம் வந்தது. சில வாரம் இரண்டு. முந்தானையால் மூடி இடுப்பில் வைத்துக் கொண்டுவருவார். யாருக்குப் போகிறதோ அவர் பேரை முழுசாக விசாரித்துக்கொண்டு வருவார். பழையதை அழித்துப் புதியதை வெட்டுவேன். வேலை முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். பேச்சு அதிகம் கிடையாது. எனக்கும் அது சரியாக இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டதுதான் மற்றதெல்லாம்.

புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் கப்பல் ஏறினார். இரண்டு வருடம் காகிதம் வந்தது. பிறகு இல்லை. அதே ஊர் ஆள் ஒருவர் லீவில் வந்தபோது, அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். அண்ணன் அதைத் தங்கையிடம் சொல்லவே இல்லை. தனக்குத் தெரியும் என்று தங்கையும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் இப்படியே பதினோரு வருடம் இருந்தார்கள்.

அந்தப் பதினோரு வருடமும் சனிக்கிழமை தோறும் அக்கா பரண்மேல் ஏறி முப்பத்தெட்டுப் பாத்திரத்தையும் இறக்குவாராம். புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பார். வெயிலில் கவிழ்ப்பார். துடைத்து மறுபடி அடுக்குவார். ஒன்றில்கூட ஒரு நாளும் சமைத்தது இல்லை. அவர் சமைத்தது மண்சட்டியில். புருஷன் வந்து நிற்கும்போது வீடு வீடாக இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை தேய்த்துக்கொண்டிருக்கும்போது கை பிடித்துக்கொண்டது. தோள்பட்டை வரை வலி. அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். எதிரில் எல்லாம் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன.

"இத்த நான் காக்கறனா, இது என்னக் காக்குதான்னு தோணிச்சு தம்பி" என்றார்.

அன்றைக்கு வாசலில் கீரை கொண்டுவந்தவருக்குக் கொடுத்ததுதான் முதல் குடம்.

அவரைப் புண்ணியவதி என்று நினைத்துவிடக் கூடாது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார். விஷயம் பரவி, எனக்கொரு தவலை, எனக்கொரு தாம்பாளம் என்று வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். கேட்கத் தெரியாதவர்களைப் பார்த்துக் கொடுப்பார். அதிலும் தப்பு நடக்கும். பிள்ளையில்லாத ஒரு அம்மாளுக்குக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் அதைத் திண்டிவனத்துக்குக் கல்யாணமாகிப் போன தங்கையிடம் அனுப்பிவிட்டு இரண்டு மாதம் பேசவில்லை. தப்புதான் என்று அக்கா ஒத்துக்கொண்டார். என் வீட்டுக்காரிக்கு ஒரு கூஜாமேல் கண். வாரா வாரம் கேட்பாள், இன்னும் கூஜா வரலியா என்று. அக்கா எங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூஜா பாகூர் பக்கம் ஒரு வண்டிக்காரருக்குப் போயிற்று. பேரை நான்தான் வெட்டினேன்.

பாத்திரம் மட்டும் இல்லை. கட்டிலை பிரசவம் பார்க்கிற அம்மாளுக்குக் கொடுத்தார். புருஷன் விட்டுப்போன கம்பளிக் கோட்டு ஒன்று பெட்டியில் இருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்தது. அதை ஊசுட்டேரி மதகுக் காவல்காரருக்குக் கொடுத்தார். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு நிற்கிற மனுசர். அவருக்குக் கோட்டு முழங்கால் வரை வந்தது. ஏரிக்கரையில் போகிறவர்கள் எல்லாம் நின்று சலாம் வைத்தார்கள். "இன்னாய்யா, பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்துட்டானா?" என்று கேட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு விறைப்பாக நின்று அவரும் சலாம் வைத்தார். இதை அக்காவிடம் சொன்னபோது வெற்றிலை எச்சில் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டு நல்ல கோட்டு, பூச்சி அரிக்காமல் போனதே என்றார்.

ஊர் பேசாமல் இருக்குமா? கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள் என்றார்கள். கிணற்றில் விழப் போகிறாள் என்றார்கள். அதுதான் அதிகமாகப் பேசப்பட்டது. சாகப் போகிறவர்கள்தான் இப்படிச் சாமானைக் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. இரண்டு வீட்டில் பயந்துகொண்டு பாத்திரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். கோயில் சாமியாரே வீட்டுக்கு வந்து விசாரித்தார்.

"செத்தா என்னத் தூக்க நாலு பேரு போதும் சாமி. சாமானத் தூக்க இன்னும் நாப்பது பேரு எதுக்கு?" என்று அக்கா சொன்னாராம்.

சாமியார் காப்பி குடித்துவிட்டுப் போனார். அந்த டம்ளர் அடுத்த வாரம் என்னிடம் வந்தது.

வந்த ஒவ்வொரு வாரமும் அவர் நடை கொஞ்சம் மாறிக்கொண்டு வந்தது. முதலில் தரையைப் பார்த்து நடப்பார். பிறகு எதிரில் வருகிறவர்களைப் பார்த்து நடந்தார். சனிக்கிழமைகளில் ஊசுட்டேரிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றார். பதினோரு வருடத்தில் சும்மா உட்கார்ந்ததே இல்லை என்றார்.

இருபது பாத்திரத்துக்குமேல் போன பிறகுதான் அண்ணன் கடைக்கு வந்தார்.

அக்கா ஊரிலேயே இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பயிர் வைக்கிறவர். பெரிய உடம்பு. துண்டில் சுற்றி ஒரு சொம்பு கொண்டுவந்தார். அது நான் போன மாதம் வெட்டியது. தையல்காரர் ஒருவர் பேர் இருந்தது. அவரிடம் சண்டை போட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இத்த அழிச்சிட்டு பழைய பேரையே வெட்டு" என்றார்.

நான் சொம்பை வாங்கிப் பார்த்தேன். ஒரே இடத்தில் வெட்டி, தேய்த்து, மறுபடி வெட்டியிருந்தேன். அந்த இடம் காகிதம் மாதிரி இருந்தது. மறுபடி அரம் வைத்தால் ஓட்டை விழும் என்றேன். அப்படியானால் வேறு பக்கத்தில் வெட்டு என்றார். இரண்டு பேர் உள்ள சொம்பு எந்த வீட்டிலும் நிற்காது, நாளைக்கு யாராவது திருட்டு என்பார்கள் என்றேன். பாய் கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் உளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொம்பைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதை அவர் தையல்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் தங்கை வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர் அவர். அது நின்றுபோயிற்று. கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த தடவை அக்கா வெறுங்கையோடு வந்தார். வெற்றிலையும் போடவில்லை.

"சாமான் எல்லாம் போவட்டும் தம்பி. அண்ணன் போயிடுமோன்னு பயமா கீது" என்றார்.

அப்பா அம்மா இல்லாதவர். வேறு உடன்பிறப்பு கிடையாது. நிறுத்திவிடலாமே அக்கா என்றேன். மீதி பத்தோ பன்னிரண்டோதான், பரண்மேல் கிடக்கட்டுமே என்றேன். அதற்கு அக்கா, பாதியில் நிறுத்தினால் சனிக்கிழமை மறுபடி புளி கரைக்க வேண்டும் என்றார். எழுந்து போனார். அடுத்த வாரம் ஒரு தவலையோடு வந்தார்.

அண்ணன் வரவில்லை. ஈஸ்டர் போயிற்று. மாதா கெபித் திருவிழா போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஆள் சாப்பாடு கூட வடித்து வைத்துப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் தண்ணீர் ஊற்றி வைப்பார். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. பழைய சோறு தின்று உடம்பு ஊதுகிறது என்றுதான் சொன்னார்.

கடைசியாக இருந்தது அண்டா. ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரியது. கடைக்குக் கொண்டுவர முடியாது. மாதா கோயில் சமையலுக்குக் கொடுக்கப் போகிறேன், பேரை அழித்துவிட்டு வெறுமனே விட்டுவிடு, வீட்டுக்கே வா என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளைக்குப் போனேன்.

வீட்டைப் பார்த்தேன். பரண் காலி. சுவர் காலி. ஒரு பாய், ஒரு தலையணை, கொடியில் இரண்டு புடவை, மாதா படம், அடுப்பங்கரையில் இரண்டு சட்டி, ஒரு தட்டு. காற்று வாசலில் நுழைந்து கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அண்டா மட்டும் நடுவீட்டில் கவிழ்ந்திருந்தது.

பெரிய பாத்திரத்தில் அரம் போடுவது ஒரு ஆள் வேலை இல்லை. பிடிக்காவிட்டால் அதிரும். கோயில் மணி மாதிரி ஊருக்கே கேட்கும். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு பலம் இல்லை. அண்டா அலறியது. புருஷன் எழுத்து போயிற்று. அக்கா பேரின் முதல் எழுத்தில் அரம் வைத்தேன்.

வாசலில் அண்ணன் நின்றார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"நிறுத்துடா" என்றார்.

நான் அரத்தை எடுத்துவிட்டேன்.

அக்கா அண்டாவை விடவில்லை. உள்ள வாண்ணே என்றார். அவர் வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினார்.

"அவன் வந்து நின்னா நான் இன்னாடி சொல்வேன்?"

"வர மாட்டாருண்ணே. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த அண்டாவுக்குத்தான் தெரியாது."

அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பாத்துக் கட்டிக் குடுத்த எடம்" என்றார்.

"நல்லதுன்னுதான பாத்த. நானும் நல்லதுன்னுதான் போனேன். அதுக்காவ இன்னும் எத்தினி வருசம்ணே நாம பித்தளை தேய்க்கறது?"

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு அவர் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். தங்கையை நகரச் சொன்னார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அண்டா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார்.

"போடு. ஆடாம நான் புடிச்சிக்கறேன்" என்றார் என்னிடம்.

போட்டேன். அவர் பிடியில் அண்டா சத்தமே போடவில்லை. தேய்கிற பொடி அவர் முழங்கையில் மஞ்சளாகப் படிந்துகொண்டிருந்தது. எழுத்து ஒவ்வொன்றாகப் போகிறதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். உப்புத்தாள் போட்டு முடித்ததும் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அவ்வளவுதான்.

சாப்பிட்டுவிட்டுத் தூக்குங்கள் என்று அக்கா சொன்னார். மீன் குழம்பு வைத்திருந்தார். கொல்லையில் போய் ஒரு வாழையிலை அறுத்து வந்து எனக்குப் போட்டார். அண்ணனுக்குத் தட்டு வைத்தார். உனக்கு எங்கே என்று அண்ணன் கேட்டார். இருக்கிறது ஒன்றுதான், நீ சாப்பிட்டால் நான் சாப்பிடுகிறேன் என்றார் அக்கா. உனக்கும் ஒரு இலை அறுத்துக்கொள்வதுதானே என்று அவர் சொல்லவில்லை. மெதுவாகச் சாப்பிடுகிறவர் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வேகமாகச் சாப்பிட்டார்.

முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இறைத்து, சாம்பல் போட்டு, அவரே கழுவினார். அந்த மனுசர் அதற்குமுன் தட்டுக் கழுவியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து தங்கை முன்னால் வைத்தார். சட்டியில் இருந்து சோறு அள்ளிப் போட்டார். கடைசியாக இருந்த மீன் துண்டைத் தட்டில் தள்ளினார்.

"போதும்ணே."

"சாப்புடு."

அக்கா சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் ஞாயிறுதோறும் அவர் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டார். முதலில் அவர் சாப்பிடுவார், கழுவி வைப்பார், பிறகு அக்கா. அவர் வீட்டில் எத்தனையோ தட்டு இருந்தது. ஒன்றுகூட அவர் எடுத்துக்கொண்டு வந்ததில்லை.